வேலை மாறிய கோபுரம்

1954 பிப்ரவரி 19, மாலை நேரம். டோக்கியோவின் ஷிம்பாஷி ரயில் நிலையத்துக்கு வெளியே பெருங்கூட்டம் ஒன்று குளிரில் நெருக்கியடித்து நின்றது. கம்பத்தின் உச்சியில் வைத்திருந்த சின்னப் பெட்டி ஒன்றை அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் மல்யுத்தம். ரிகிடோசான் என்ற மல்லர், ஷார்ப் சகோதரர்கள் என்ற வாட்டசாட்டமான வெள்ளைக்கார ஜோடியைக் கையை வீசி வீசி அடித்துக்கொண்டிருந்தார். போரில் தோற்று ஒன்பது ஆண்டுகள்கூட ஆகாத நாடு அது. ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் ஆர்ப்பரித்தது.

தெருவில் நின்று பார்க்கக் காரணம் இருந்தது. 1953இல் ஷார்ப் நிறுவனம் விற்ற 14 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியின் விலை 1,75,000 யென். பள்ளிப் படிப்பை முடித்து அரசு வேலைக்குச் சேர்ந்தவரின் தொடக்கச் சம்பளம் மாதம் 5,400 யென். சாப்பிடாமல் கொள்ளாமல் சேர்த்தாலும் பெட்டி வாங்க இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். 1953 பிப்ரவரி 1 அன்று பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது ஜப்பான் முழுவதிலும் சந்தா கட்டியிருந்தவர்கள் 866 பேர்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய தனியார் நிலையமான நிப்பான் டிவி, விளம்பரம் பார்க்க ஆள் வேண்டுமே என்று தெருமுனைகளிலும் ரயில் நிலைய வாசல்களிலும் தானே பெட்டிகளை நிறுவியது. அந்தப் பெட்டிகளின் முன்னால் திரண்ட கூட்டம்தான் டோக்கியோ டவர் எழுந்ததற்கு முதல் காரணம்.

தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. ஆகவே அலை எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதை, அதை அனுப்பும் ஆன்டெனாவின் உயரம்தான் முடிவு செய்கிறது. 100 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் தொடுவானம் சுமார் 36 கிலோமீட்டரில் இருக்கும். 333 மீட்டரில் நின்றால் சுமார் 65 கிலோமீட்டர். அன்றைய டோக்கியோவில் என்.எச்.கே., நிப்பான் டிவி, இன்று டி.பி.எஸ். என்று அழைக்கப்படும் நிலையம் என மூன்றும் தத்தம் இடத்தில் தத்தம் கோபுரத்தை நட்டிருந்தன. எதுவும் போதிய உயரமில்லை. பார்ப்பவர் பாடும் திண்டாட்டம்தான்: கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவை ஒரு கோபுரத்தை நோக்கித் திருப்பினால் இன்னொன்றின் படம் கலங்கும். மேலும் பல நிலையங்கள் வரக் காத்திருந்தன. ஆளுக்கொன்று நட்டுக்கொண்டே போனால் நகரம் இரும்புக் காடாகிவிடும் என்ற கவலை எழுந்தது. எல்லா நிலையத்துக்கும் பொதுவாக ஒரே கோபுரம், டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ சமவெளி முழுவதற்கும் எட்டும் உயரத்தில் வேண்டும் என்ற யோசனை அப்படித்தான் பிறந்தது.

யோசனையைக் கையில் எடுத்தவர் மயேடா ஹிசகிச்சி. சாங்கேய் செய்தித்தாளை வளர்த்த பத்திரிகை அதிபர். அவர் ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கி, ஷிபா பகுதியில் இடம் பிடித்தார். கொஞ்சம் மேடான, வரலாறு படிந்த நிலம் அது. முன்பு ஜப்பானை ஆண்ட தோக்குகாவா ஷோகன்கள் ஆறு பேரின் சமாதிகள் உள்ள ஸோஜோஜி பௌத்தக் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கோபுரம் நிற்கும் இடத்தில் முன்பு கோயோகான் என்ற பெயர்பெற்ற உயர்தர விருந்து மாளிகை இருந்தது. 1945 மார்ச் மாதத்துக் குண்டுவீச்சில் அது எரிந்து சாம்பலானது. கோயிலின் இடுகாட்டு நிலத்திலும் ஒரு பகுதி கோபுரத்துக்காக எடுக்கப்பட்டது.

வடிவமைக்கும் பொறுப்பு நைட்டோ தாச்சூவிடம் வந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. டோக்கியோ டவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தையும் வண்ணத்தையும் சொல்லிவிட்டு இவரை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. கோபுரத்தின் ஒவ்வொரு சட்டத்திலும் இருப்பது இந்த மனிதரின் ஐம்பது ஆண்டு அனுபவம்.

1886இல் பிறந்த நைட்டோ, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முதலில் கப்பல் கட்டும் பொறியியல்தான் படிக்கச் சேர்ந்தார். ரஷ்யாவுடனான போர் முடிந்து கப்பல் தொழில் மந்தமானதும் கட்டடத் துறைக்கு மாறினார். பிறகு வசேடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1917இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனபோது நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். சாமான் நிறையக் கொள்ளட்டும் என்று அவர் தன் பயணப் பெட்டிக்குள் இருந்த தடுப்புப் பலகைகளைக் கழற்றிவிட்டார். போகிற வழியில் பெட்டி நசுங்கிப் போனது. தடுப்புகளைக் கழற்றாத பெட்டிகள் அப்படியே இருந்தன. கட்டடத்துக்குள்ளும் சரியான இடங்களில் உறுதியான சுவர்களைத் தடுப்பாக நிறுத்தினால் நிலம் குலுங்கும்போது கட்டடம் நசுங்காது என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட்டது அப்போதுதான் என்பார்கள்.

அந்த எண்ணத்துக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த ஜப்பான் தொழில் வங்கிக் கட்டடம் 1923இல் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 நண்பகலில் கான்டோ பெருநிலநடுக்கம். நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்க பாணியில் புதிதாக எழும்பியிருந்த பல கட்டடங்கள் பிளந்தன. நைட்டோவின் வங்கிக் கட்டடம் அசையாமல் நின்றது. அதிர்வைத் தாங்கும் சுவர் என்ற கொள்கையை நாடு ஏற்றுக்கொண்டது அதன் பிறகுதான்.

போருக்குப் பின் அவர் பெரிய கோபுரங்கள் பலவற்றை வடிவமைத்தார். 1954இல் நகோயா தொலைக்காட்சிக் கோபுரம், 180 மீட்டர். 1956இல் ஒசாகாவின் ட்சூதென்காகு. 1957இல் பெப்புவிலும் சப்போரோவிலும் ஒவ்வொன்று. டோக்கியோவுக்கு வரும்போது அவர் கையில் அத்தனை கோபுரங்களின் பாடமும் இருந்தது. ‘கோபுர முனைவர்’ என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். எளிய கணக்குகளை அவர் போட்டது, ஆசிரியரிடமிருந்து கிடைத்த, சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன ஸ்லைடு ரூலில். கணினி எட்டாத காலம். காற்று, நிலநடுக்கம், சொந்த எடை என ஒவ்வொரு சுமைக்கும் ஒவ்வொரு சட்டம் எவ்வளவு தாங்க வேண்டும் என்று கையாலேயே எழுதித் தீர்த்தார்கள்.

ஜப்பானில் கோபுரம் கட்டுகிறவருக்கு நிலநடுக்கம்தான் பெரிய கவலையாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இங்கே காற்றுதான் பெரிய எதிரி. நிலம் குலுங்கும்போது ஒரு கட்டடத்தின் மேல் விழும் விசை அதன் எடையைப் பொறுத்தது. கம்பிச் சட்டங்களால் பின்னிய கோபுரம் தன் உயரத்துக்கு மிக லேசானது. ஆனால் புயல் காற்று எடை பார்ப்பதில்லை, பரப்பைப் பார்த்து அடிக்கும். மேலே போகப் போக வேகமும் கூடும். முதலில் 380 மீட்டர் உயரம் பேசப்பட்டது. அந்த உயரத்தில் புயலடித்தால் உச்சி ஆடும் ஆட்டத்தில் ஒளிபரப்பே பாதிக்கப்படும் என்று கணக்கு காட்டியது. கான்டோ முழுவதற்கும் அலை எட்ட வேண்டும், ஆட்டமும் அளவுக்குள் இருக்க வேண்டும் என்று இரண்டையும் பொருத்திப் பார்த்ததில் வந்து நின்ற எண்தான் 333 மீட்டர்.

பார்த்தவுடன் எல்லோருக்கும் ஈஃபில் கோபுரம் நினைவுக்கு வருகிறது. ‘பாரிஸைப் பார்த்து அடித்த காப்பி’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. மயேடாவுக்கு ஈஃபிலை மிஞ்ச வேண்டும் என்ற ஆசை இருந்தது உண்மைதான். பாரிஸ் கோபுரம் 1957இல் தொலைக்காட்சி ஆன்டெனா சேர்ந்து 320 மீட்டரைத் தொட்டிருந்தது. டோக்கியோ அதைவிட 13 மீட்டர் அதிகம். ஆனால் வடிவ ஒற்றுமைக்குக் காரணம் ஆசை மட்டுமல்ல. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் காலை அகட்டிக்கொள்கிறார் இல்லையா, காற்றில் நிற்க வேண்டிய உயரமான பொருளும் அதையேதான் செய்தாக வேண்டும். அடியில் அகலம், மேலே குறுக்கம், காற்று ஊடுருவிப் போக இடைவெளி. குஸ்தாவ் ஈஃபிலுக்கும் நைட்டோவுக்கும் காற்று ஒரே கேள்வியைக் கேட்டது, விடையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது.

வேறுபாடு பொருளில் இருக்கிறது. ஈஃபிலுடையது தேனிரும்பு; உலோக எடை மட்டும் 7,300 டன். டோக்கியோவுடையது எஃகு; சுமார் 4,000 டன். எழுபது ஆண்டுகளில் உலோகவியல் முன்னேறியதால், கூடுதல் உயரத்தைப் பாதிக்குச் சற்றே மேற்பட்ட எடையில் எட்ட முடிந்தது. இருந்த எஃகில் ஒரு துண்டைக்கூட வீணாக்க முடியாத நாட்டின் சிக்கனமும் அதில் தெரிகிறது. நான்கு கால்களும் வெளிப்பக்கமாக விரிய முயலும் அல்லவா? அதைத் தடுக்க, நிலத்தடியில் அடித்தளங்களை எஃகுத் தண்டுகளால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்களுக்குத் தங்கள் காலடியில் அந்தத் தண்டுகள் இருப்பது தெரியாது.

எஃகு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கோபுரத்தின் கதையிலேயே கனமான பகுதி. போருக்குப் பிந்திய ஜப்பானில் தரமான எஃகுக்குத் தட்டுப்பாடு. 1950 முதல் 1953 வரை பக்கத்துக் கொரியாவில் போர் நடந்தது. அமெரிக்கப் படைகளுக்கு ஜப்பான்தான் பின்தளம். சேதமான வண்டிகளைப் பழுது பார்த்ததும், கம்பளி முதல் கயிறு வரை செய்து கொடுத்ததும் ஜப்பானியத் தொழிற்சாலைகள். அந்தப் போர்ப் பணத்தில்தான் நாட்டுப் பொருளாதாரம் எழுந்து உட்கார்ந்தது. போர் ஓய்ந்ததும் பழுது பார்க்க இயலாத அமெரிக்க டாங்கிகள் காயலான் கடைச் சரக்காக விற்பனைக்கு வந்தன. டாங்கித் தகடு என்றால் உயர்ந்த ரக எஃகு. சுமார் 90 டாங்கிகளை வாங்கி உருக்கி, சட்டங்களாக வார்த்தார்கள். கோபுரத்தின் மேற்பகுதி, அதாவது இன்று 250 மீட்டரில் இருக்கும் மேல் தளத்துக்கு மேலே உள்ள பகுதி, அந்த எஃகில் ஆனது.

ஒரு நாட்டின் அழிவு இன்னொரு நாட்டின் வளர்ச்சிக்கு மூலப்பொருளானது என்பதை மழுப்பாமல் சொல்லத்தான் வேண்டும். கொரியாவில் லட்சக்கணக்கானோர் மடிந்த போரின் மிச்சம், டோக்கியோவில் குடும்பங்கள் மல்யுத்தமும் பாட்டும் பார்ப்பதற்கான அலையை அனுப்பியது. ‘போர் ஆயுதம் அமைதிக் கோபுரமானது’ என்று இனிப்பாகச் சொல்லி முடித்துவிடுவது எளிது. அந்த இனிப்பில் கொரியர்களுக்கு இடமில்லை.

1957 ஜூன் 29 அன்று பூமி பூஜை. கட்டியது டக்கெனாகா நிறுவனம். உயரத்தில் வேலை பார்த்தவர்கள் தோபி எனப்படும் சாரத் தொழிலாளர்கள். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தொடரும் தொழில் அது. மர வீடுகளுக்குச் சாரம் கட்டிய மரபில் வந்தவர்கள் எஃகுச் சட்டங்களின் மேல் ஏறினார்கள். காலில் பெருவிரல் பிரிந்த ரப்பர் அடித் துணிச் செருப்பு. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லாமலே பலர் குறுகலான பலகைகளில் நின்று வேலை செய்வதை அக்காலப் புகைப்படங்களில் பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்குத்தான் அடிவயிறு கலங்கும்.

சட்டங்களை இணைத்தது ரிவெட்டு. மொத்தம் சுமார் 1,68,000. ஒவ்வொன்றையும் உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். ஆறிவிட்டால் பயனில்லை. உலைக்காரர் குறட்டால் எடுத்து மேலே வீசுவார். மேலே சட்டத்தில் நிற்பவர் கையிலுள்ள தகரக் குவளையில் அதைப் பிடிப்பார். பிடித்த கையோடு துளைக்குள் செருக வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்க, இன்னொருவர் முன்னாலிருந்து அடித்துத் தலையை நசுக்குவார். குளிரக் குளிர அது சுருங்கி இரண்டு சட்டங்களையும் இறுக்கிப் பிடிக்கும். கீழே நகரத்தின் தெருக்கள். தவறினால் எரியும் இரும்பு ஒருவர் தலையில் விழும். இப்படிப் பல்லாயிரம் தடவை வீசிப் பிடித்திருக்கிறார்கள். மேற்பகுதிக்குப் போனதும் ரிவெட்டை விட்டு போல்ட்டுக்கு மாறினார்கள்; அவை சுமார் 45,000.

வேலையின்போது ஒரு தொழிலாளி கீழே விழுந்து இறந்தார். 1958 செப்டம்பர் இறுதியில், கோபுரம் ஏறக்குறைய முழு உயரத்தை எட்டியிருந்த நேரத்தில், கான்டோ பகுதியை மிகக் கடுமையான புயல் தாக்கியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர். காற்றைத்தான் முதல் எதிரியாகக் கருதிக் கணக்குப் போட்ட நைட்டோவுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு வந்திருக்க முடியாது. கோபுரம் தாங்கியது. அக்டோபரில் உச்சி ஆன்டெனா ஏறியது. 1958 டிசம்பர் 23 அன்று திறப்பு விழா. தொடங்கிப் பதினெட்டு மாதங்கள்கூட முழுசாக ஆகவில்லை.

திறந்த வேளை நல்ல வேளை. பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்கும், அரச குடும்பத்தைச் சேராத மிச்சிக்கோவுக்கும் 1959 ஏப்ரல் 10 அன்று திருமணம். ஊர்வலத்தை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்று மக்கள் கடன் வாங்கியாவது பெட்டி வாங்கினார்கள். 1958 மே மாதத்தில் 10 லட்சமாக இருந்த என்.எச்.கே. சந்தாதாரர் எண்ணிக்கை, திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு 20 லட்சத்தைத் தாண்டியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் 866 பேர் இருந்த இடம்! கோபுரத்தைப் பார்க்க வந்த கூட்டமும் அதற்குச் சளைத்ததல்ல. முதல் முழு ஆண்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறினார்கள். கட்டிய செலவு சுமார் 280 கோடி யென். அதை மீட்டுத்தரும் வேலையில் அலைக்குச் சமமாக மக்கள் கூட்டமும் பங்கெடுக்கப்போகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் எல்லா நிலையத்துக்கும் ஒரே கோபுரம் என்ற நோக்கம் உடனே நிறைவேறவில்லை. 1959 ஜனவரியில் என்.எச்.கே.யின் கல்வி அலைவரிசை வந்தது. புதிய தனியார் நிலையங்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தன. பழைய நிலையங்கள் மெல்ல மெல்ல இடம் மாறின. நிப்பான் டிவி மட்டும் 1970 வரை வரவே இல்லை. அதன் நிறுவனர் ஷோரிகி மட்சுதாரோ, மயேடாவுக்குப் போட்டியான பத்திரிகை உலகைச் சேர்ந்தவர். 1968இல் அவர் தானே 550 மீட்டர் கோபுரம் ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தார். மறு ஆண்டு அவர் காலமானார், திட்டமும் கிடப்பில் போனது. பொதுக் கோபுரம் உண்மையிலேயே பொதுவாக ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

டோக்கியோ டவர் சிவப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது செம்மஞ்சளும் வெள்ளையும். விமானிகளின் கண்ணில் படுவதற்காக ஜப்பானிய விமானப் போக்குவரத்துச் சட்டம் விதித்த நிறம். முதலில் 11 பட்டைகள் இருந்தன. 1986இல் 7 ஆகக் குறைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுக் கோபுரத்துக்கும் வண்ணம் பூசுகிறார்கள். சுமார் 28,000 லிட்டர் சாயம் பிடிக்கும். சட்டங்கள் சிக்கலாகப் பின்னியிருப்பதால் பெரும்பகுதி கையில் தூரிகை பிடித்துச் செய்யும் வேலை. பார்வையாளர்கள் வருவதற்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் இருட்டிலும் விடியலிலும் ஏறுகிறார்கள். ஒரு சுற்று முடிய ஓராண்டுக்கு மேல் ஆகிறது.

திரைப்படக்காரர்கள் இந்தக் கோபுரத்தை விட்டுவைக்கவில்லை. 1961இல் மோத்ரா என்ற இராட்சதப் புழு அதன் மேல் கூடு கட்டியது. 1967இல் கிங் காங் அதில் ஏறிச் சண்டை போட்டது. 1995இல் கமேரா படத்தின் பறக்கும் அரக்கப் பறவை, முறிந்து கிடக்கும் கோபுரத்தில் முட்டையிட்டது. எந்த அரக்கன் வந்தாலும் முதலில் டோக்கியோ டவரைத்தான் தேடி வரும் என்பது ஜப்பானியச் சிறுவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2005இல் வந்த ‘ஆல்வேஸ்’ திரைப்படம் வேறு விதம். ஒரு சாதாரணத் தெருவின் மக்கள் வாழ்க்கை நகர, பின்னணியில் கோபுரம் காட்சிக்குக் காட்சி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருக்கும். அதே ஆண்டு லில்லி ஃபிராங்கி எழுதி வெளிவந்த ‘டோக்கியோ டவர்’ நாவல், தாயைப் பற்றிய நினைவுக்கதை, லட்சக்கணக்கில் விற்றது. கான்கிரீட்டும் கண்ணாடியுமாக நிமிர்ந்த எத்தனையோ கட்டடங்கள் டோக்கியோவில் உண்டு. வேறெதுவும் ஒருவரின் அம்மாவைப் பற்றிய புத்தகத்துக்குத் தலைப்பாகவில்லை.

நடுவில் ஒரு தொய்வும் இருந்தது. எண்பதுகளில் டோக்கியோவில் பணம் கொழித்தது. புதிய மினுமினுப்புகளுக்கு நடுவே இந்தக் கோபுரம் பள்ளிக்கூடச் சுற்றுலாக் குழந்தைகளும் வெளியூர்க்காரர்களும் போகும் பழைய இடமாகிவிட்டது. வெளிச்சம்தான் அதை மீட்டது. அதுவரை இரவில் ஓரங்களில் மட்டும் விளக்குச் சரம் எரியும். ஒளியமைப்புக் கலைஞர் இஷீ மொத்தோக்கோ, கோபுரத்தை உள்ளிருந்தே ஒளிரவைத்தார். 1989 ஜனவரி 1 அன்று அது தொடங்கியது. 180 விளக்குகள், குளிர்காலத்தில் வெதுவெதுப்பான செம்மஞ்சள், கோடையில் குளிர்ந்த வெள்ளை. எஃகுப் பின்னல் முழுவதும் வானத்தில் தெளிவாகத் தெரிந்தது. காதலர்கள் வரத் தொடங்கினார்கள். விளக்கு அணையும் நள்ளிரவுக் கணத்தைச் சேர்ந்து பார்க்கும் ஜோடி பிரியாது என்ற நம்பிக்கைகூட முளைத்தது. ஜப்பானில் ஒளியமைப்பைக் கலையாக வளர்த்த முன்னோடிப் பெண்மணி அவர். கட்டியவருக்குக் கொடுக்கும் புகழில் பாதியாவது அவருக்கும் சேர வேண்டும்.

அதற்குள் உயரம் போதாமல் போயிருந்தது. 200 மீட்டரைத் தாண்டிய கட்டடங்கள் நகரின் நடுவில் முளைத்து, நேர்க்கோட்டில் போகும் அலையை மறித்தன. 2003 டிசம்பரில் இங்கிருந்தே டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியபோதும், அடுத்த கோபுரத்துக்கான பேச்சு நடந்துகொண்டிருந்தது. சுமிதா பகுதியில் 634 மீட்டர் உயர டோக்கியோ ஸ்கைட்ரீ எழத் தொடங்கியது. 2010 மார்ச் 29 அன்று, கட்டி முடிக்கப்படாத நிலையிலேயே அது டோக்கியோ டவரைத் தாண்டியது. ஜப்பானின் மிக உயரமான கோபுரம் என்ற பட்டம் 51 ஆண்டுகளுக்குப் பின் கைமாறியது.

மறு ஆண்டு மார்ச் 11. வடகிழக்குக் கடலில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தின் அதிர்வு டோக்கியோவை நீண்ட நேரம் உலுக்கியது. நைட்டோவின் கால்களும் சட்டங்களும் நிலைகுலையவில்லை. உச்சியிலிருந்த ஆன்டெனாவின் நுனி மட்டும் வளைந்தது. வளைந்த நுனி நகரம் முழுவதற்கும் தெரிந்தது. ஏராளமானவர்கள் அதைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். 2012இல் அதை இறக்கி மாற்றினார்கள். அந்த வேலை நடந்த சமயம் உயரம் 315 மீட்டராகக் குறைந்திருந்தது. பிரித்துப் பார்த்தபோது ஆன்டெனாவைத் தாங்கும் குழாயின் உள்ளே பழைய ரப்பர் பேஸ்பால் பந்து ஒன்று கிடந்தது! 300 மீட்டருக்கு மேலே பந்து எப்படிப் போயிருக்கும்? கட்டுமானக் காலத்தில் கீழே கிடத்திவைத்திருந்த குழாய்க்குள் யாரோ விளையாடிய பந்து உருண்டு போய், அப்படியே மேலேறியிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள்.

2013 மே 31 அன்று தொலைக்காட்சி நிலையங்கள் ஸ்கைட்ரீக்கு மாறின. டோக்கியோ டவர் எந்த வேலைக்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை அன்று அதன் கையை விட்டுப் போனது. இங்கேதான் பாரிஸுடனான உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. ஈஃபில் கோபுரம் 1889 உலகக் கண்காட்சிக்கு வேடிக்கைப் பொருளாக நின்றது. இருபது ஆண்டுகளில் பிரித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கம்பியில்லாத் தந்திக்கும் ராணுவத் தகவல் தொடர்புக்கும் பயன்பட்டதால்தான் அது தப்பியது. வேடிக்கைக்குப் பிறந்து அலையால் உயிர் பிழைத்தது பாரிஸ் கோபுரம். அலைக்குப் பிறந்து, அலை போன பின் மக்கள் பார்க்க வருவதால் நிற்பது டோக்கியோ கோபுரம். இரண்டில் எது அரிது என்று கேட்டால் இரண்டாவதுதான். பயன் தீர்ந்த எத்தனையோ கோபுரங்களை உலக நகரங்கள் பிரித்துப் போட்டிருக்கின்றன. டோக்கியோவோ பழைய கட்டடங்களை இடித்துப் புதிது கட்டுவதில் தயங்காத நகரம். அப்படிப்பட்ட ஊரிலும் இது இடிபடவில்லை. மாறாக, அதே 2013இல் அரசு இதைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது.

முழு ஓய்வும் கிடைத்துவிடவில்லை. டோக்கியோ எஃப்.எம். வானொலி இன்றும் இங்கிருந்துதான் ஒலிக்கிறது. ஸ்கைட்ரீக்கு ஏதாவது ஆனால் தொலைக்காட்சியைத் தொடர்ந்து அனுப்ப மாற்று ஏற்பாடும் இங்கே இருக்கிறது. காலடிக் கட்டடத்தில் முன்பு மீன் காட்சியகமும் மெழுகுச் சிலைக் கூடமும் இருந்தன; இப்போது கணினி விளையாட்டு அரங்கு. 2023இல் பக்கத்திலேயே 325 மீட்டர் உயர அடுக்குமாடி திறக்கப்பட்டது. அந்தப் பக்கத்து வீடுகளிலும் விடுதிகளிலும் கோபுரம் தெரியும் ஜன்னலுக்குத் தனி விலை.

டோக்கியோ போகிறவர்கள் ஸோஜோஜி கோயில் வழியாக வருவது நல்லது. 1622இல் கட்டிய, குண்டுவீச்சிலும் தப்பிய பெரிய மரவாயிலைக் கடந்து உள்ளே போனால், கோயில் கூரைக்குப் பின்னால் செம்மஞ்சள் எஃகு நிமிர்ந்து நிற்கும். 150 மீட்டரில் உள்ள முதன்மைத் தளத்துக்கு மின்தூக்கி உண்டு. வெளிப்புறமாகப் படிக்கட்டும் உண்டு, சுமார் 600 படிகள். கால் ஒத்துழைக்கும் என்றால் படியைத் தேர்ந்தெடுக்கலாம். மின்தூக்கியில் போனால் நகரம் மட்டுமே தெரியும். படியில் ஏறினால் ரிவெட்டுத் தலைகள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.